விரிசலை விடுங்கள், படிக்கட்டைப் பாருங்கள்

வாசகர் கேள்வி:

எங்கள் பெற்றோர் கட்டிய வீடு 45 ஆண்டுப் பழையது. பல ஆண்டுகள் வாடகைக்கு விட்டிருந்தோம். இப்போது காலியாகிவிட்டது; இரண்டு மாதத்தில் நாங்களே குடிபோகிறோம். அம்மாவுக்கு 71 வயது, ஒரு முழங்காலில் அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது. அப்பாவுக்கு ஆஸ்துமா. நான், கணவர், இரண்டரை வயது மகன். வீட்டைச் சுற்றிப் பார்த்து 31 குறைகளை எழுதி அனுப்பியிருக்கிறேன். கையில் இருக்கும் பணத்தில் மூன்றில் ஒரு பங்கைத்தான் சரிசெய்ய முடியும். ஹாலில் உள்ள பெரிய விரிசலில் தொடங்கலாம் என்று நினைக்கிறேன். அண்ணனோ, "நாம் அந்த வீட்டில்தானே வளர்ந்தோம், நமக்கு என்ன ஆகிவிட்டது? வெள்ளையடித்துவிட்டுக் குடிபோங்கள்" என்கிறார். எதை முதலில் செய்ய வேண்டும்? நிபுணரை அழைப்பது அவசியமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் அனுப்பிய 31 வரிகளையும் நிதானமாகப் படித்தேன். ஒன்றுகூட வீணான குறை இல்லை. ஆனால் வரிசை தலைகீழாக இருக்கிறது. வாசலில் நுழைந்து ஹால், அறைகள், சமையலறை, குளியலறை, மாடி என்று கண்ணில் பட்டபடி எழுதிக்கொண்டு போயிருக்கிறீர்கள். அதனால் ஹால் சுவரின் விரிசல் முதல் வரியாகவும், தரையின் நிறம் மங்கியது இரண்டாவது வரியாகவும் வந்துவிட்டன. குளியலறைக்குள் இருக்கும் காஸ் கீசர் 22-ஆவது வரியில் இருக்கிறது. வாசலுக்கு மேலே சன்ஷேடின் அடியில் காரை உதிர்ந்து கம்பி தெரிவது 27-ஆவது வரியில் இருக்கிறது. என்னைக் கேட்டால் முதல் பக்கத்தில் முதலில் நிற்க வேண்டியவை இவை இரண்டும்தான்.

அண்ணன் சொல்வதையும் தள்ளிவிட முடியாது, அதில் பாதி உண்மை. வீடு பெரும்பாலும் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் அந்த வீட்டைக் கட்டி முடித்தபோது உங்கள் அம்மாவுக்கு 26 வயது. அந்த மாடிப்படியில் அவர் துணி மூட்டையோடு ஏறி இறங்கிய கால் வேறு, இன்று ஏறப்போகும் கால் வேறு. அப்பாவின் நுரையீரலும் அன்றைய நுரையீரல் அல்ல. ஆபத்து என்பது சுவரிலோ படியிலோ மட்டும் இருப்பதில்லை. அங்கே யார் வாழ்கிறார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அதன் அளவு தெரியும். உங்கள் வீட்டில் முதியவர், நோயாளி, பள்ளி வயதை எட்டாத பிள்ளை என்று மூன்று வகையினரும் ஒரே கூரையின் கீழ் இருக்கப்போகிறார்கள். எளிதில் பாதிக்கப்படுபவர்கள் என்று, வீடுகளைச் சோதிக்கும் நாங்கள் முதலில் விசாரிப்பதும் இந்த மூன்று வகையினரைத்தான்.

வீடுகளை மதிப்பிடுவதற்கு ஒழுங்கான முறைகள் உண்டு. அவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இங்கிலாந்தில் நடைமுறையில் இருப்பது. 2004-ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தின் கீழ் 2006 முதல் அது பயன்பாட்டில் இருக்கிறது. வீட்டில் வரக்கூடிய ஆபத்துகளை 29 வகையாகப் பிரித்திருக்கிறார்கள். ஈரமும் பூஞ்சையும், கடுங்குளிர், படிக்கட்டில் விழுவது, தீ, மின்சாரம், கார்பன் மோனாக்சைடு ஆகியவற்றோடு சத்தம், போதாத வெளிச்சம், இட நெருக்கடி ஆகியவையும் அதில் அடக்கம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கேள்விகள் கேட்கிறார்கள். அடுத்த 12 மாதத்தில் இதனால் ஒருவருக்குத் தீங்கு நேர எவ்வளவு வாய்ப்பு? நேர்ந்தால் அந்தத் தீங்கு எவ்வளவு கொடியதாக இருக்கும்? இரண்டையும் பெருக்கி மதிப்பெண் போடுகிறார்கள். தீங்கின் எடை நான்கு படிகளாக இருக்கிறது. உயிர் போகும் அளவுக்கான எடை 10,000. அடுத்தவை 1,000, 300. மருத்துவ உதவி தேவைப்படும் லேசான காயத்துக்கு வெறும் 10. இந்த இடைவெளியைக் கவனியுங்கள். அடிக்கடி நடக்கும் சிராய்ப்பைவிட, அரிதாக நடந்தாலும் ஆளையே கொண்டுபோகக்கூடியது பல மடங்கு மேலே நிற்கும்.

நீங்கள் மதிப்பெண்ணெல்லாம் போட வேண்டாம். பட்டியலின் ஒவ்வொரு வரிக்கு எதிரிலும் மூன்று சொற்கள் எழுதினால் போதும்: யாருக்கு, எத்தனை எளிதாக, எவ்வளவு மோசமாக. "தரை நிறம் மங்கியது" என்பதற்கு எதிரில் எழுத உங்களுக்கு ஒன்றுமே கிடைக்காது. அதை வெட்டிவிடுங்கள். உங்கள் பட்டியலில் அப்படி வெட்டக்கூடியவை பத்துக்கு மேல் இருக்கின்றன. உங்கள் பணத்தில் பெரும்பகுதி அங்கேயே மிச்சமாகும்.

இனி நான் போடும் வரிசை.

முதலில் காஸ் கீசர். "குளியலறைக்குள் பழைய காஸ் கீசர், ஜன்னலை மூடி எக்ஸாஸ்ட் ஃபேன் பொருத்தியிருக்கிறார்கள்" என்று ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டீர்கள். அந்த வரியைப் படித்ததும் எனக்குப் பதற்றமாக இருந்தது. காஸ் எரிய ஆக்சிஜன் வேண்டும். மூடிய சிறிய அறையில் அது குறையும்போது காஸ் முழுமையாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை, தொண்டையில் கரகரப்புகூட இல்லை. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக அது ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு தலைசுற்றல், குமட்டல். குளிக்கும்போது தலை சுற்றினால் வெந்நீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொள்வோம். தாழ்ப்பாள் போட்ட கதவுக்குப் பின்னால் ஒருவர் மயங்கி விழுந்தால் வெளியே இருப்பவர்களுக்குத் தெரிவதற்கே நேரமாகும்.

எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறதே என்று நிம்மதி அடையாதீர்கள். காற்று வெளியே போக வேண்டுமானால் அதே அளவு காற்று உள்ளே வந்தாக வேண்டும். ஜன்னலை அடைத்து, கதவுக்குக் கீழே இடைவெளியும் இல்லாவிட்டால் ஃபேன் சுற்றுமே தவிரக் காற்று மாறாது. புகைக்குழாய் உள்ள கீசராக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். ஃபேன் அறைக்காற்றை உறிஞ்சும் வேகத்தில், குழாய் வழியாக வெளியேற வேண்டிய புகை திரும்ப உள்ளேயே வந்துவிடும்.

ஆகவே அந்தக் கீசரை அங்கே சரிசெய்யப் பார்க்காதீர்கள், குளியலறையிலிருந்து எடுத்துவிடுங்கள். காற்றோட்டமான வெளிச்சுவரில், புகை எந்த ஜன்னல் வழியாகவும் உள்ளே வராத இடத்தில் பொருத்தி, குழாய் மூலம் வெந்நீரை உள்ளே கொண்டுவரலாம். இல்லையென்றால் மின்சார கீசருக்கு மாறலாம். நான் மின்சாரத்தைத்தான் சொல்வேன், வயரிங்கைச் சோதித்த பிறகு. அதுவரை சமையலறையில் சுடவைத்த நீரை அம்மா வாளியில் தூக்கிக்கொண்டு போகக்கூடாது. ஓர் ஆபத்தை நீக்கப் போய் இன்னொன்றை வரவழைத்துக்கொள்வது வீடுகளில் அன்றாடம் நடப்பது. மூட்டு வலியோடு கொதிநீர் சுமப்பது அதற்குச் சரியான உதாரணம்.

வெந்நீர் என்றதும் இன்னொன்று. 60 டிகிரி செல்சியஸ் வெந்நீர் சில வினாடிகளில் ஆழமான தீப்புண்ணை உண்டாக்கும். 49 டிகிரியில் அதே புண் ஏற்படச் சில நிமிடங்கள் ஆகும். குழந்தையின் தோல் மெல்லியது, முதியவர் சட்டென்று விலக மாட்டார். ஆனால் தொட்டியின் வெப்பத்தை மிகவும் குறைத்து வைத்தால் நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா வளர வழி பிறக்கும். ஆஸ்துமா உள்ள அப்பாவுக்கு அது நல்லதல்ல. எனவே தொட்டியில் 60 டிகிரியில் வைத்து, குழாய்க்கு முன்னால் வெப்பத்தைத் தணிக்கும் கலவை வால்வு ஒன்றைப் பொருத்தச் சொல்லுங்கள். பிளம்பர் அரை நாளில் முடித்துவிடும் வேலை.

இரண்டாவது சன்ஷேட். காரை உதிர்ந்து கம்பி தெரிகிறது என்றால் கம்பி துருப்பிடித்துவிட்டது என்று பொருள். இரும்பு துருவாக மாறும்போது பல மடங்கு பருக்கிறது. பருக்கும் துரு கான்கிரீட்டை உள்ளிருந்து பிளந்து கீழே தள்ளும். உதிர்ந்த இடம் ஏற்கெனவே உதிர்ந்துவிட்டது. அதன் பக்கத்தில் நன்றாகத் தெரிகிற இடம்தான் அடுத்து விழப்போவது. நீண்ட கம்பு ஒன்றை எடுத்துக்கொண்டு, நேர் கீழே நிற்காமல் பக்கவாட்டில் நின்று, அடிப்பகுதியை லேசாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். கெட்டியான கான்கிரீட் கணீரென்று ஒலிக்கும். விலகிய இடம் பொத்தலாக, டொக் என்று கேட்கும். கம்பியின் போக்கிலேயே நேர்க்கோடாக ஓடும் மெல்லிய வெடிப்பும் பழுப்புக் கறையும் தெரிந்தால் அதுவும் கெட்டுப்போன இடம்தான். தினமும் ஐந்து பேரும் கடந்து போகப்போகும் வாசல் அது. நாளையே கயிறு கட்டி அந்த இடத்தை மறித்துவிட்டு வேறு கதவு வழியாகப் போங்கள். மேலே சிமெண்ட் பூசி மறைப்பது எதற்கும் உதவாது. தளர்ந்ததைக் கொத்தி எடுத்து, கம்பியைச் சுத்தம் செய்து, துருத்தடுப்புப் பூசி, பழுதுபார்ப்புக்கென்றே உள்ள கலவையால் மூட வேண்டும். கம்பி பாதி தேய்ந்திருந்தால் அதற்கு மேல் என்ன செய்வது என்பதைக் கட்டுமானப் பொறியாளர்தான் சொல்ல வேண்டும்.

மூன்றாவது மாடிப்படி. இதைப் பற்றி நான் நிறைய எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுக்கு ஏறத்தாழ 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள். அதில் மிக அதிகம் பேர் 60 வயதைத் தாண்டியவர்கள். இருந்தும் என்னிடம் வரும் பட்டியல்களில் படிக்கட்டு முதல் பத்தில் வந்து நான் பார்த்ததில்லை. நீங்களும் "படி கொஞ்சம் வழவழப்பு" என்று 14-ஆவது வரியில் எழுதிவிட்டு நிறுத்திவிட்டீர்கள்.

ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு படியின் உயரத்தையும் அளந்து எழுதுங்கள். பழைய வீடுகளில் தரைக்குப் புது டைல்ஸ் ஒட்டியிருப்பார்கள், படிக்கு ஒட்டியிருக்க மாட்டார்கள். அதனால் முதல் படி மட்டும் ஓரிரு சென்டிமீட்டர் குறைந்திருக்கும். மாடித் தரையை உயர்த்தியிருந்தால் கடைசிப் படி கூடியிருக்கும். நம் கால் இரண்டு படி ஏறியதும் அடுத்த படியின் உயரத்தைக் கண்ணைக் கேட்காமலே மனப்பாடம் செய்துகொள்ளும். ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம் போதும், கட்டைவிரல் தட்டும். வழவழப்பைவிட இந்த ஏற்றத்தாழ்வு எனக்குப் பெரிய கவலை. ஏனென்றால் வழவழப்பு தெரியும், ஜாக்கிரதையாக நடப்போம், இது தெரியாது.

அடுத்து, படியின் விளிம்பு. ஒரே நிறக் கல்லால் ஆன படியில் மேலிருந்து இறங்குபவருக்கு ஒரு படி எங்கே முடிகிறது என்பது தெரிவதில்லை. கண்புரை தொடங்கிய வயதில் இது இன்னும் மங்கும். ஒவ்வொரு விளிம்பிலும் நிறம் மாறுபட்ட, சொரசொரப்பான பட்டை ஒன்றை ஒட்டுங்கள். அது வழவழப்பையும் சேர்த்தே தீர்த்துவிடும். விளிம்பு முழுவதும் ஒட்ட வேண்டும். நடுவில் துண்டாக ஒட்டினால் பட்டையின் முனையே தடுக்கிவிடும்.

கைப்பிடியைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பிடிக்க முடிகிறதா என்று பாருங்கள். அகலமான சிமெண்ட் கைப்பிடிச் சுவர் பார்க்க உறுதியாக இருக்கும், ஆனால் தடுக்கி விழும் அந்த நொடியில் உள்ளங்கையால் அதைத் தடவத்தான் முடியும், பற்ற முடியாது. விரல்கள் சுற்றி வந்து மூடிக்கொள்ளும்படி, ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருளைக் குழாயாக இருக்க வேண்டும். சுவரில் விரல் முட்டி இடிக்காத இடைவெளி வேண்டும். முதல் படிக்குச் சற்று முன்பே தொடங்கி, கடைசிப் படிக்கு அப்பால் ஓர் அடி நீள வேண்டும். படி முடிந்துவிட்டது என்பதை அம்மாவின் கை முதலில் உணரும். அறுவை சிகிச்சை நடந்தது எந்த முழங்கால்? இறங்கும்போது அவருக்கு எந்தக் கை வாகாக இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் வைத்துவிட்டால் இந்தக் கேள்வியே வேண்டாம். பொருத்திய பிறகு உங்கள் கணவர் தன் முழு எடையையும் போட்டுத் தொங்கிப் பார்க்கட்டும்.

பிறகு, இரவில் ஒருமுறை ஏறி இறங்குங்கள். மேலும் கீழும் சுவிட்ச் இருக்கிறதா, பல்பு நேராகக் கண்ணில் அடித்து படியை இருட்டாக்குகிறதா என்பதெல்லாம் பகலில் தெரியாது. அம்மாவும் அப்பாவும் கீழ் அறையிலேயே தங்க ஏற்பாடு செய்தால் படிக்கட்டுப் பிரச்சினையில் முக்கால்வாசி பணமே இல்லாமல் தீரும். ஆனால் கீழ் அறையில்தான் ஈரம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு வருகிறேன்.

அதற்கு முன் மகனுக்காகப் படியில் இரண்டு விஷயம். கைப்பிடிக் கிராதியின் இடைவெளி 10 சென்டிமீட்டருக்கும் குறைவாக இருக்க வேண்டும்; அதற்கு மேல் போனால் உடல் நுழைந்து தலை மாட்டும். குறுக்குக் கம்பிகளாக இருந்தால் அவனுக்கு அது ஏணி; உட்பக்கம் தகடு அடித்துவிடுங்கள். மேல்படியில் தடுப்புக் கதவு போடும்போது சுவரில் திருகி முடுக்கும் வகையை வாங்குங்கள். இரு பக்கமும் அழுத்தத்தில் மட்டும் நிற்கும் வகை, குழந்தை சாய்ந்தால் அதோடு சேர்ந்து கீழே வரும்.

நான்காவது மின்சாரம். 45 ஆண்டு வயரிங்கைப் பற்றி வெளியிலிருந்து யாராலும் சான்றிதழ் கொடுக்க முடியாது. நீங்கள் பார்க்கக்கூடியது ஒன்று உண்டு: மெயின் போர்டைத் திறந்து, "டெஸ்ட்" என்று எழுதிய சிறு பொத்தான் உள்ள ஸ்விட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். அதுதான் ஆர்.சி.சி.பி. பலர் எம்.சி.பி. இருந்தால் போதும் என்று இருந்துவிடுகிறார்கள். எம்.சி.பி. காப்பது வயரை, அளவுக்கு மீறிய மின்சாரம் ஓடினால்தான் அது விழுந்து இணைப்பைத் துண்டிக்கும். ஒரு மனிதனைக் கொல்வதற்குத் தேவையான மின்சாரம் அதன் கணக்கிலேயே வராது. ஆர்.சி.சி.பி. போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் சமமா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். இல்லையென்றால் போடச் சொல்லுங்கள். இருந்தால் பொத்தானை அழுத்திப் பாருங்கள். விழவில்லை என்றால் அது வெறும் அலங்காரம். எர்த் இணைப்பு சரியாக இருக்கிறதா, வயரின் உறை எப்படி இருக்கிறது என்பதை எலக்ட்ரீஷியன் கருவி வைத்து அளந்து, அளவுகளை எழுத்தில் தர வேண்டும். "எல்லாம் நன்றாக இருக்கிறது" என்ற வாய்மொழியை ஏற்காதீர்கள்.

ஈரத்துக்கு வருவோம். அப்பாவின் அறையில் "சுவர் கறுத்திருக்கிறது, பெயிண்ட் அடிக்க வேண்டும்" என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து பெயிண்ட் அடிக்காதீர்கள், இப்போது வேண்டாம். ஈரத்தின் மூலத்தைக் கண்டுபிடிக்காமல் அடிக்கும் எந்த பெயிண்டும் சில மாதங்களில் உரிந்துவிடும். அதற்குள் பூஞ்சை பின்னால் பரவியிருக்கும். ஆஸ்துமா உள்ளவருக்குப் பூஞ்சை வித்துகளைச் சுவாசிப்பது மூச்சுத்திணறலைக் கூட்டும் என்பதால் மற்றவர்களுக்கு அழகுப் பிரச்சினையாக இருப்பது அப்பாவுக்கு மருத்துவப் பிரச்சினை.

கறை எங்கே, எந்த வடிவத்தில் இருக்கிறது என்பதே பாதிக் கதையைச் சொல்லிவிடும். தரையிலிருந்து தொடங்கி ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்தில் அலைக்கோடு போல நின்று, வெள்ளை உப்பு பூத்திருந்தால் நிலத்தடி ஈரம் சுவர் வழியே ஏறுகிறது. ஓரிடத்தில் வட்டமாக இருந்து மழைக்குப் பின் பெருத்தால் வெளிச்சுவரிலோ குழாயிலோ கசிவு. மூலையிலும் அலமாரிக்குப் பின்னாலும் கரும்புள்ளிகளாக இருந்தால், அறையின் காற்றில் உள்ள நீராவியே குளிர்ந்த சுவரில் படிகிறது. சந்தேகமாக இருந்தால், ஓரடிச் சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப்பால் சுவரில் காற்றுப்புகாமல் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் வெளிப்பக்கம் நனைந்திருந்தால் அறைக்காற்றின் ஈரம். சுவர்ப்பக்கம் நனைந்திருந்தால் சுவருக்குள்ளிருந்து வருகிறது. முதலாவதற்கு மருந்து காற்றோட்டம்: ஜன்னல் திறப்பது, அறைக்குள் துணி உலர்த்தாதது, அலமாரியைச் சுவரிலிருந்து சற்று நகர்த்தி வைப்பது. இரண்டாவதற்குக் கொத்தனாரும் பிளம்பரும் வேண்டும். காற்றின் ஈரப்பதத்தைக் காட்டும் சிறு கருவி மலிவாகக் கிடைக்கிறது. 60 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இருக்கும் பூஞ்சையைத் துடைக்கும் வேலையை அப்பா செய்யக்கூடாது, அந்த நேரத்தில் அறையிலேயே இருக்கக்கூடாது. துடைப்பவர் முகக்கவசம் அணிந்துகொண்டு, ஈரத்துணியால் துடைக்க வேண்டும். உலர்ந்த துடைப்பத்தால் தட்டினால் வீடு முழுக்கப் பறக்கும். பிளீச்சைக் கழிப்பறை அமிலத்தோடோ அம்மோனியா உள்ள திரவத்தோடோ கலக்கவே கலக்காதீர்கள். நச்சு வாயு வரும்.

உங்கள் பட்டியலில் ஒன்றைக் குறையாக எழுதாமல் நிறையாக எழுதியிருக்கிறீர்கள்: "வாடகைக்கு இருந்தவர்கள் எல்லா ஜன்னலுக்கும் இரும்புக் கம்பி போட்டு, பின்கதவுக்கு இரட்டைப் பூட்டும் போட்டிருக்கிறார்கள், பாதுகாப்பாக இருக்கிறது." திருடன் உள்ளே வர முடியாத வீட்டிலிருந்து தீ பிடித்தால் நீங்களும் வெளியே போக முடியாது. சமையலறையில் தீ பற்றி வாசல் பக்கம் புகை மண்டினால், படுக்கையறையிலிருந்து வெளியேற எந்த வழி இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு தளத்திலும் ஒரு ஜன்னலின் கம்பியையாவது உள்ளிருந்து திறக்கும் கதவாக மாற்றுங்கள். பின்கதவின் உட்பக்கம் சாவி தேவைப்படாத தாழ்ப்பாளாக இருக்க வேண்டும். மகன் கைக்கு எட்டாத உயரத்தில் போதும். படுக்கையறைகளுக்கு வெளியே புகை எச்சரிக்கைக் கருவி ஒன்று, மாடியில் ஒன்று. மாதம் ஒருமுறை அதன் பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும், பத்து ஆண்டில் மாற்றிவிட வேண்டும். நான் உள்ளே போகும் வீடுகளில் பாதுகாப்புக்காக என்று சொல்லிச் செய்யப்பட்ட கூண்டுகளைப் பார்க்கும்போதுதான் எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது.

குழந்தைக்கானவை பெரும்பாலும் செலவில்லாதவை. வாளியில், தொட்டியில் தண்ணீரை நிரப்பி வைக்காதீர்கள். இந்த வயதில் தலை கனம் அதிகம். குனிந்து விழுந்தால் நிமிரத் தெரியாது, சில சென்டிமீட்டர் நீர் போதும். உயரமான அலமாரிகளையும் டிவியையும் சுவரோடு முடுக்குங்கள். ரிமோட்டில் இருக்கும் பொத்தான் பேட்டரியின் மூடி திருகப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அரிக்கத் தொடங்கிவிடும். மாடி பால்கனியில் ஏறி நிற்கக்கூடிய நாற்காலி, பூந்தொட்டி எதுவும் சுவரோரம் வேண்டாம்.

இனி அந்த விரிசல். புகைப்படத்தில் பார்த்தவரை அது ஒரு மில்லிமீட்டருக்குள்தான் இருக்கிறது, நேராக இறங்குகிறது. பெரும்பாலும் பூச்சு சுருங்கியதால் வருவது. ஆனால் படத்தை மட்டும் வைத்து முடிவு சொல்ல மாட்டேன். விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். இரு பக்கமும் ஒரு புள்ளி வைத்து இடைவெளியை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை பாருங்கள். வளர்ந்தாலோ, 5 மில்லிமீட்டரைத் தாண்டினாலோ, கதவு ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகப் போய் அந்தக் கதவு மூடச் சிரமப்பட்டாலோ பொறியாளரைக் கூப்பிடுங்கள். அசையாமல் இருந்தால் பட்டியலின் கடைசிக்குப் போகட்டும்.

நிபுணர் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டும், ஆனால் எல்லாவற்றுக்கும் அல்ல. கண்ணுக்குத் தெரியாத மூன்றுக்கு மட்டும்: சுவருக்குள் இருக்கும் வயரிங், காஸ் இணைப்பு, துருப்பிடித்த கான்கிரீட். சோதிப்பவரும் பழுதுபார்ப்பவரும் வேறு ஆளாக இருந்தால் நல்லது. மற்ற எல்லாவற்றையும் நீங்களே பார்த்துவிடலாம். உங்கள் கண் நன்றாகவே பார்க்கிறது, வரிசைதான் மாற வேண்டியிருந்தது.

கடைசியாக ஓர் எச்சரிக்கை, அண்ணனின் வெள்ளையடிக்கும் யோசனையைப் பற்றி. அந்தக் காலத்து எண்ணெய் பெயிண்டில் ஈயம் கலந்திருக்க நிறைய வாய்ப்புண்டு. கதவு ஜன்னலில் பல அடுக்காக இருக்கும் அந்த பெயிண்டை உப்புத்தாள் போட்டு உலர்வாகத் தேய்த்தால், ஈயத்தூள் தரையெங்கும் படியும். தரையில் விளையாடி விரலை வாயில் வைக்கும் பிள்ளையின் ரத்தத்தில் அது நேராகப் போய்ச் சேரும். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. உரியாமல் கெட்டியாக இருக்கும் பெயிண்டைத் தேய்க்காமல் மேலேயே பூசுங்கள். உரிந்த இடத்தை நனைத்துச் சுரண்டி, விழுந்ததைத் துடைத்து எடுங்கள். அதேபோல் கூரையில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) ஷீட் ஏதாவது இருந்தால் அதில் ஓட்டை போடவோ அறுக்கவோ விடாதீர்கள். உடையாமல் இருக்கும் வரை அதைத் தொடாமல் விடுவதே மேல்.

தூசி கிளப்பும் இந்த வேலைகளும் சன்ஷேட் கொத்துவதும் முதல் மாதத்திலேயே முடிந்து, வீடு ஈரத்துணியால் இரண்டு முறை துடைக்கப்பட்ட பிறகுதான் அப்பாவும் மகனும் உள்ளே வர வேண்டும். கீசர், ஆர்.சி.சி.பி., கைப்பிடி ஆகியவை குடிபோகும் நாளுக்கு முன். ஈரச்சுவர் முழுதாக உலர நாளாகும். அதுவரை அப்பாவின் கட்டிலை ஹாலில் போடுங்கள். குடியேறி ஒரு மாதம் ஆனதும் அதே பட்டியலை எடுத்துக்கொண்டு இம்முறை அம்மாவோடு சேர்ந்து வீட்டைச் சுற்றி வாருங்கள். அவர் எங்கே தயங்குகிறார், எதைப் பிடித்துக்கொள்கிறார் என்பதைக் குறித்துக்கொண்டு, புதிதாகச் சேர்ந்த வரிகளை எனக்கு அனுப்புங்கள்.